பெருமாளுக்குப் போட்ட பாதை

போன ஞாயிற்றுக்கிழமை படுகை மண்டபத்தில் நாம் கூடியபோது நீங்கள் எல்லோரும் கையை உயர்த்தினீர்கள். நான் மட்டும் உயர்த்தவில்லை. மண்டபத்தைச் சுற்றி எஞ்சியிருக்கும் அந்தச் சேற்று நிலத்துக்குச் சிமெண்ட் தளம் போடலாமா என்பது கேள்வி. "நம்ம வயசுக்குக் கால் புதையறது. பெருமாளைச் சேவிக்க வந்துட்டு இடுப்பை ஒடிச்சுண்டு போறதா?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மறுமொழி சொல்ல எழுந்தேன், நா எழவில்லை. "மாமிக்கு ஞாபகமெல்லாம் அந்தக் காலத்துலயே நின்னுடுத்து" என்று இன்னொருவர் சிரித்தார்.

அதுவும் உண்மை. என் ஞாபகம் ஓர் ஐப்பசி மாதத்தில் நின்றுவிட்டது. அன்று வாய்விட்டுச் சொல்ல முடியாததை, என் வயதை ஒத்த உங்களுக்கு இப்போது எழுதுகிறேன். உங்களில் பெரும்பாலோர், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் இந்தத் தீவுக்குப் பிற்காலத்தில் வந்தவர்கள். கொள்ளிடக்கரைப் பக்கத்தை வீடுகளாகவே அறிந்தவர்கள். நான் அதைத் தண்ணீராக அறிந்தவள்.

முக்கொம்பில் காவிரியை விட்டுப் பிரியும் கொள்ளிடம், வெள்ளக்காலத்தில் தன் கரைக்குள் அடங்காது. வழிந்து வந்து, எங்கள் தெருவின் வடகோடியில் தொடங்கும் பள்ள நிலத்தில் பரந்து நின்று, வந்த வேகம் தணிந்து, கிழக்கே மெல்லச் சரிந்து மறுபடியும் ஆற்றில் சேரும். அந்தப் பள்ளத்தைத்தான் படுகை என்போம். ஆடியிலிருந்து கார்த்திகை வரையில் நீர், தையில் சேறு, சித்திரையில் வெடிப்பு விட்ட வண்டல். கோரையும் நாணலும் ஆளை மறைக்கும் உயரத்துக்கு நிற்கும். விடியற்காலையில் அங்கிருந்து வரும் காற்றில் ஈரமண்ணும் அழுகிய தழையும் மீனும் கலந்த ஒரு வாடை இருக்கும். அம்மா அதை நாற்றம் என்பாள். எனக்கு இன்றும் எங்கேனும் அந்த வாடை வந்தால் துளசியைக் கசக்கி முகர்ந்தாற்போல் நெஞ்சு திறந்துகொள்கிறது.

படுகையில் நாமக்கோழிகள் இருந்தன. கரிய உடல், நெற்றியில் வெள்ளைவெளேரென்று ஒரு பட்டை. அத்தையின் பெண் என்னைவிட ஒரு வயது மூத்தவள், எனக்கு அத்தங்கா. அவள் அந்தப் பறவைகளுக்கெல்லாம் பஞ்சசம்ஸ்காரம், அதாவது வைணவ தீட்சை, ஆகிவிட்டது என்று அடித்துச் சொல்வாள். "பாருடீ, நாமம் இட்டுண்டுதான் தீர்த்தத்துலயே எறங்கறது. உங்கப்பா இன்னிக்கு நாமம் இட்டுண்டாரா?" என்று கேட்பாள். என் அப்பா அவசரத்தில் பல நாள் வெறும் நெற்றியோடு பஸ் பிடிப்பவர்.

அத்தங்காவின் குடும்பமும் எங்கள் அகத்திலேயே இருந்தது. அத்தையின் கணவர் அத்திம்பேருக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. மூன்று குடும்பங்களுக்கு ஒரே தளிகையுள். அத்தை ரேழியில்தான் படுக்கை விரிப்பாள். யார் வாசலுக்குப் போனாலும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். அத்தைக்கு ஓர் அகம் வேண்டுமென்ற ஏக்கம் எவ்வளவு நியாயமானது என்பது, நானே பல ஆண்டுகள் ஒண்டுக்குடித்தனம் இருந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அப்போது எல்லோரும் அதைப் பேராசை என்றார்கள்.

பெரியப்பா அகத்துக்கு மூத்தவர். எங்கள் தெருவில் ஒரு சின்னப் பெருமாள் கோயில் உண்டு. அதன் உற்சவர் ஆண்டுக்கு ஒருமுறை, தை மாதத்தில், படுகையின் நடுவே நிற்கும் மண்டபத்துக்கு எழுந்தருளி ஒரு பகல் தங்கித் திரும்புவார். அந்த மண்டபத்துக்கும், தெருவிலிருந்து அதுவரை நீளும் ஒரு துண்டு நிலத்துக்கும் பெரியப்பா பரம்பரைப் பொறுப்பாளர். பெருமாள் எங்கே நிற்பது, எப்போது திரும்புவது எல்லாம் அவர் சொல்தான். படுகையின் மற்ற நிலத்தைச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக விற்றுக்கொண்டிருந்தார்கள். வாங்கியவர், மனை போட்டு விற்கும் மலைக்கோட்டைப் பக்கத்து மனைக்காரர் ஒருவர். வாங்கி என்ன பயன்? உள்ளே போக வழியில்லை. வழி விட வேண்டுமானால் பெரியப்பா விட வேண்டும்.

மனைக்காரர் தட்டில் பழத்தோடு எங்கள் அகத்துக்கு வந்த ஒரு பகல் நினைவிருக்கிறது. பெரியப்பா ஊஞ்சலில் இருந்தார். நானும் அத்தங்காவும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"சாமி, நிலம் எங்களோடது. கிரயம் ஆயிடுச்சு. நடுவுல உங்க மண்டபத்து மண்ணு ஒரு துண்டு கிடக்கு. அதுல வழி விட்டீங்கன்னா போதும், பத்துக் குடும்பம் பொழைக்கும்."

"பொழைக்காதுங்காணும். அது மனுஷா குடியிருக்கற எடமே இல்லை. கொள்ளிடம் கால் நீட்டற எடம்."

"வருஷம் பூரா நீட்டியா வச்சிருக்கு? எப்பவோ ஒரு தடவை."

"எப்பவோ ஒரு தடவை நீட்டறச்சே அங்கே உம்ம வீடு இருந்தா?"

மனைக்காரர் சிரித்தார். "மூணடி மண்ணு கேட்டு வந்தவரைக் கும்பிடறவங்க நீங்க. நானும் நடக்க நாலடி மண்ணுதான் கேக்கறேன். இல்லேங்கறீங்களே சாமி!"

பெரியப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "குடுத்தவன் என்ன ஆனான்னு தெரியுமோல்லியோ? பாதாளத்துக்குப் போனான். மோர் இருக்கு, சாப்ட்டுட்டுப் போம்."

அவர் போன பிறகு பெரியப்பா அத்தையைப் பார்த்து, "நான் இருக்கற வரைக்கும் அங்கே ஒரு செங்கல் விழாது" என்றார். அத்தை அப்போது ரேழியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. முறத்தின் ஓசை மட்டும் சற்று உரத்தது.

தைப் புறப்பாட்டின் வழக்கத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பெருமாளின் பல்லக்கைச் சுமப்பவர்களை ஸ்ரீபாதம்தாங்கிகள் என்கிறோம். அவருடைய திருவடியைத் தாங்குவதால் அந்தப் பெயர். தெருக்கோடியைத் தாண்டியதும் அவர்கள் சேற்றில் இறங்குவார்கள். கணுக்கால், பிறகு முழங்கால், சில இடங்களில் அதற்கும் மேல். ஓரடி எடுத்து வைக்க ஒரு பாசுரத்தின் பாதி ஆகும். பாசுரம் ஓதும் கோஷ்டி முன்னால் நின்று நின்று பாடும். மண்டபத்தை அடைந்ததும் அவர்கள் காலை உடனே அலம்பமாட்டார்கள். பெண்டுகள், குழந்தைகள், எல்லோரும் வந்து அந்தக் கால்களில் அப்பியிருக்கும் சேற்றை விரலால் தொட்டு உச்சியில் வைத்துக்கொள்வோம். சந்தனத்தைவிட அதற்கு மதிப்பு.

அந்த ஆண்டு பல்லக்கின் முன்தண்டைச் சுமந்தவரின் கால் ஒரு குழிக்குள் போயிற்று. பெரிய ஆகிருதி, கணீரென்ற குரல். எங்களைக் கண்டால் மீசையை முறுக்கிக் கண்ணடிப்பார். அவர் சாய, பல்லக்குச் சாய்ந்தது. குடை முறிந்தது. பெருமாளின் திருமுடியிலிருந்து கிரீடம் நழுவிச் சேற்றில் விழுந்து மறைந்துபோயிற்று.

கூட்டமே ஒரு குரலாய் அலறியது. பெரியப்பா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

தேடினார்கள். பெரியவர்கள் கைகளால் துழாவினார்கள். சேறு கலங்கிக் கலங்கி மூடிக்கொண்டது. குழந்தைகளையும் இறக்கினார்கள். அத்தங்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கண்ணை மூடி, கால்விரல்களால் மெல்ல மெல்லத் தடவிக்கொண்டே போனாள். படுகையில் நத்தை தேடும்போது அவள் அப்படித்தான் செய்வாள். திடீரென்று நின்றாள்.

"கிடைச்சுடுத்து! என் கால்ல பெருமாள் இடறினார்!"

குனிந்து எடுத்து உயர்த்திக் காட்டினாள். சேறு வழியும் கிரீடத்தின் நடுவில் ஒரு கல்லின் இடம் குழியாக இருந்தது. பச்சைக்கல், அது கிடைக்கவே இல்லை. ஆனால் நான் மறக்காதது அதுவன்று. அவளைத் தூக்கிக் கொண்டாடுவார்கள் என்று நான் காத்திருந்தேன். பெரியப்பா கிரீடத்தை அவள் கையிலிருந்து பறித்தார்.

"காலாலயா தொட்டே? அசடே! பெருமாள் கிரீடத்தைக் காலாலயா தொட்டே?"

முன்தண்டுக்காரர் மட்டும், சுளுக்கிய காலோடு மண்டபப் படியில் கிடந்தபடி, "கொழந்தையைத் திட்டாதேங்கோ ஸ்வாமி. அவ கால் இல்லேன்னா கிரீடம் ஏது?" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. அத்தங்கா அன்று முழுவதும் தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிராயச்சித்தம் நடந்தது. கலசம் வைத்துத் திருமஞ்சனம் ஆயிற்று. பெரியப்பாவுக்கு மனம் ஆறவில்லை. ஆற்றுக்கும் மனைக்காரருக்கும் அசையாதவரை அந்தச் சாய்ந்த பல்லக்கு அசைத்துவிட்டது. பங்குனியில் ஒருநாள் தெருவாரைக் கூட்டிச் சொன்னார்: "இனிமே பெருமாள் சேத்துல போகக்கூடாது. அவருக்கு ஒரு பாதை போடணும். ஒரே மட்டமா, பல்லக்கு சாயாதபடிக்கு."

நண்பர்களே, அதைவிடப் பக்தியான வாக்கியத்தை நான் கேட்டதில்லை. அதைவிடக் கேடான வாக்கியத்தையும் கேட்டதில்லை.

கோடை முழுவதும் வேலை. கூலிக்கு ஆள் வைப்பதில்லை என்று முடிவாயிற்று, கைங்கரியம் ஆயிற்றே. மண்டபத்துக்கு மேற்கே காய்ந்து கிடந்த வண்டலை வெட்டிக் கூடை கூடையாகச் சுமந்து கொட்டினோம். தெருவில் சுமக்காதவர் இல்லை. குழந்தைகளுக்குத் தயிர்சாதம் கொண்டுபோகும் தூக்குக்கூடைகள். நானும் அத்தங்காவும் போட்டி போட்டுச் சுமந்தோம். பெரியப்பா இடுப்பில் வேஷ்டியை வரிந்து கட்டிக்கொண்டு, வேர்வை சொட்டப் பாசுரம் சொல்லிக்கொடுத்தபடி நடப்பார், நாங்கள் பின்பாட்டு. "பூமிப்பிராட்டியை வெள்ளத்துலேர்ந்து தூக்கினது யாரு?" என்று கேட்பார். "வராகம்!" என்று கத்துவோம். "அந்தக் காரியத்தைத்தான் நாம பண்றோம், தெரிஞ்சுக்கோங்கோ." எங்கள் வாயோரம் கோரைப்பல் முளைத்தாற்போல் பெருமிதமாக இருந்தது.

பிரளயத்திலிருந்து மண்ணை எடுக்க அவனுக்கு உரிமை உண்டு. நமக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு ஆறுகளுக்கு நடுவே நீர் சூழப் பள்ளி கொள்வதே தனக்கு உகப்பு என்று இந்தத் தீவைத் தேடி வந்தவன் அவன் என்பதை, நாள்தோறும் ஓதிய நாவுகள் அந்தக் கோடையில் மறந்திருந்தன.

நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிவது. பாதையோ தெற்கிலிருந்து வடக்கே போயிற்று. நடுநடுவே நீர் போக வாய்க்கால் விட வேண்டாமா என்று அப்பா ஒருமுறை கேட்டது காதில் விழுந்தது. பெரியப்பாவுக்கும் அது தெரியாததன்று. ஆனால் வாய்க்கால் விட்டால் அங்கங்கே பாதை தாழும். தாழ்ந்தால் பல்லக்கு சாயும். "சாயப்படாது. அதுக்குத்தானே போடறோம்?" என்றார். ஆகவே ஒரு வெட்டும் இல்லாமல், தட்டி இறுக்கிய நெடுஞ்சுவர்போல் பாதை எழுந்தது. மண் வெட்டிய இடத்தில் ஒரு பெரும்பள்ளம் உண்டாயிற்று. ஆடியில் அதில் நீர் நிறைந்தது, ஆம்பல் படர்ந்தது, நாமக்கோழிகள் குடும்பத்தோடு அங்கே இடம்பெயர்ந்தன. எங்களுக்கு ஆனந்தம். "பெருமாள் இதுகளுக்கும் புஷ்கரணி வெட்டிக் குடுத்துட்டார்" என்றாள் அத்தங்கா.

அடுத்த தையில் பெருமாள் பாதைமேல் எழுந்தருளினார். ஸ்ரீபாதம்தாங்கிகளின் கால்கள் வெள்ளையாக இருந்தன. தொட்டு வைத்துக்கொள்ளச் சேறு இல்லாமல் பெண்டுகள் சற்றுத் திகைத்து, பிறகு வெறுங்கையால் சேவித்தார்கள். பாதை பாதி போனதும் ஒரு பந்தல். மனைக்காரர் புது வேஷ்டி கட்டிக்கொண்டு பானகம் வழங்கிக்கொண்டிருந்தார். பாதையின் இருபுறமும் கற்கள் நட்டுக் கயிறு கட்டியிருந்தது.

பெரியப்பாவின் முகம் கறுத்தது. "யாரைக் கேட்டு இங்கே வந்தீர்?"

"பாதை இருந்துச்சு, வந்தேன் சாமி. பெருமாள் போற வழியில மனுஷன் போகக்கூடாதுன்னு சொல்ல முடியுங்களா?"

கோஷ்டி முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. பெரியப்பா பானகத்தைத் தொடாமல் மேலே நடந்தார். அவர் வாயிலிருந்து அன்று பாசுரமும் வரவில்லை.

"பெருமாள் வாசலுக்கே எழுந்தருளுவார்" என்று சொல்லித்தான் மனைகள் விற்றன. தெருவில் இருந்த வைணவக் குடும்பங்களே முதலில் ஓடின. அத்தை அத்திம்பேரோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பாதைக்கு மேற்கே, மண்டபத்தை ஒட்டினாற்போல், பின்புறம் அந்த ஆம்பல் பள்ளம் இருந்த மனை. பெரியப்பாவுக்கும் அவளுக்கும் நடந்த வாக்குவாதம் அகம் முழுக்கக் கேட்டது.

"அங்கே ஜலம் நிக்கும்டீ. சொன்னாக் கேளு."

"பெருமாளுக்கு மட்டும் நிக்காதோ?"

"அவர் ஒரு பகல் இருந்துட்டுத் திரும்பிடறார். நீ குடியிருக்கப் போறே."

"நான் இந்த ரேழியில எத்தனை வருஷமா குடியிருக்கேன், அண்ணா? ஒரு நாளாவது கேட்டேளா? என்னைத் தாண்டித் தாண்டித்தானே எல்லாரும் போறேள்?" அத்தையின் குரல் உடைந்தது. "எனக்கு ஒரு வாசல் வேணும். அதுல வருஷத்துக்கு ஒருநாள் அவர் வந்து நிக்கணும். பாதை போட்டது நீங்கதானே?"

பெரியப்பா ஊஞ்சலிலிருந்து எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

வைகாசியில் கிருகப்பிரவேசம். வாசலில் அத்தை போட்ட கோலம் பாதையின் பாதி அகலத்தை அடைத்தது. அத்தங்காவுக்கு ஒரு கன்றுக்குட்டி வந்தது. நான் பொறாமையில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவளே வந்து, "நம்ம ஆத்துக் கொல்லையிலேயே நாமக்கோழிடீ, வந்து பாரு" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

ஐப்பசியில் மழை. மேல்நாட்டிலும் மழை. முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் நிறையத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று பேச்சு. முன்பெல்லாம் படுகையில் நுழைந்த நீர் பரந்து, மெலிந்து, கிழக்கே போய்விடும். அந்த முறை பாதையில் முட்டி நின்றது. கிழக்குப் பக்கத்தில் கோரையின் நுனி தெரிந்தது. மேற்குப் பக்கத்தில் நீர் ஏறிக்கொண்டே வந்து, விடிந்தபோது அத்தை அகத்தின் சன்னலுக்குக் கீழே நின்றது. செய்தி வந்து நாங்கள் எல்லோரும் தெருக்கோடியிலிருந்து பாதைமேல் ஓடினோம். மனைகளில் குடியேறியிருந்தவர்கள் பெட்டி படுக்கையோடு பாதைமேல் ஏறி நின்றார்கள். அத்திம்பேர் அத்தையைக் கைப்பிடித்து ஏற்றினார். அத்தை திரும்பி, "அவ எங்கே? என் பின்னாடிதானே வந்தா?" என்றாள்.

அத்தங்கா கன்றை அவிழ்க்கக் கொல்லைப்பக்கம் போயிருந்தாள்.

நீர் எங்கும் ஒரே மட்டமாக இருந்தது. பெரியப்பா விரும்பிய அதே மட்டம். எது தரை, எது பள்ளம் என்று அந்தச் செம்மண் நீர் காட்டிக்கொடுக்கவில்லை. கன்று மட்டும் அகத்தைச் சுற்றி நீந்தி வந்து, கழுத்தில் அறுந்த கயிற்றோடு, பாதைமேல் ஏறி எங்கள் நடுவில் நின்று நடுங்கியது.

பெரியப்பா தண்ணீரில் குதித்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. முன்தண்டுக்காரர் அவரைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டுத் தாம் மூழ்கினார். பலமுறை மூழ்கினார். நாங்கள் தலையில் சுமந்த மண்ணை வெட்டிய அந்தப் பள்ளத்திலிருந்து அவளை எடுத்து வந்தார். அவள் பாதங்களில் சேறு அப்பியிருந்தது. அம்மா என் கண்ணைப் பொத்தினாள். விரலிடுக்கில் அதைத்தான் நான் பார்த்தேன்.

பெரியவர்கள் பேசியதைக் கேட்டேன். பெருமாள் சித்தம் என்றார்கள். ஒரு மாமி, கிரீடத்தைக் காலால் தீண்டிய அபசாரம் என்றாள். குழந்தையாக இருந்த எனக்கும் அது பொருத்தமாகத் தோன்றி, நெடுநாள் என் கால்களைப் பாவாடைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டேன். நீர் வடியாததற்குக் காரணம் எங்கள் எல்லோருடைய காலடியிலும் நீண்டு கிடந்தது. அதைச் சொல்ல ஒருவரும் இல்லை, பெரியப்பாவைத் தவிர.

அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். பாதையை வெட்டத் தொடங்கினார். மனைகளில் இருந்தவர்கள் ஓடி வந்து தடுத்தார்கள்.

"பாதையை வெட்டினா நாங்க எப்படி ஊருக்குள்ள வர்றது சாமி?"

"வராதேங்கோ. எல்லாரும் எழுந்து போங்கோ. இது உங்க எடம் இல்லை."

"இருக்கறதையெல்லாம் போட்டுக் கட்டியிருக்கோம்."

எங்கள் தெருவிலிருந்து அங்கே குடிபோன ஒருவர் சொன்னதுதான் பெரியப்பாவை வீழ்த்தியது. "பெருமாள் பாதை, ஸ்வாமி! பல்லக்கு சாயாம இருக்கணும்னு நீர்தானே சொன்னீர்? அதை நீரே வெட்டலாமா?"

கடப்பாரை அங்கேயே கிடந்தது. அவர் திரும்பி வந்து ஊஞ்சலில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

தை வந்தது. புறப்பாட்டை நிறுத்திவிடலாம் என்றார்கள் சிலர். அத்தை, நடக்கட்டும் என்று சொல்லியனுப்பினாள். பல்லக்குப் பாதைமேல் வந்தது. வீட்டுக்கு வீடு கற்பூரம். அத்தை அகத்து வாசலில் கோலம் இல்லை. கதவு சாத்தியிருந்தது. முன்தண்டுக்காரர் தயங்கி நின்றார். எல்லோரும் நின்றார்கள்.

கதவு திறந்தது. அத்தை வெறுங்கையோடு படியில் வந்து நின்றாள்.

"பெருமாளைக் கீழே ஏளப்பண்ணுங்கோ."

முன்தண்டுக்காரருக்கு விளங்கவில்லை. "எங்கேம்மா?"

"கொல்லைக்கு. என் வாசலுக்கு வரது இருக்கட்டும். அவ கடைசியா நின்ன எடத்துக்கு அவர் வரட்டும்."

கோஷ்டியில் முணுமுணுப்பு. தீட்டு என்றது ஒரு குரல். பாதையை விட்டு இறங்கினால் பல்லக்கு சாயும் என்றது இன்னொரு குரல். எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். பெருமாள் எங்கே நிற்பது என்பது இன்னும் அவர் சொல்தான். அத்தையும் அவரைப் பார்த்தாள். அந்த ஐப்பசிக்குப் பிறகு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தது அன்றுதான்.

"எறங்குங்கோ" என்றார் பெரியப்பா.

"சாயுமே, ஸ்வாமி..."

"சாயட்டும். எறங்குங்கோ."

அவர்கள் இறங்கினார்கள். சேறு அவர்களை உள்வாங்கிக்கொண்டது. பல்லக்கு ஒருபுறம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்து, ஊசலாடி ஊசலாடிப் பள்ளத்தின் கரைக்குப் போயிற்று. குடை இல்லை. பாட்டு இல்லை. அங்கே நின்றார்கள். பெருமாள் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாமக்கோழி ஒன்று ஆம்பல் இலைகளுக்கிடையே போனது.

அத்தை சேற்றில் இறங்கி நடந்து, முன்தண்டுக்காரரின் காலடியில் குனிந்து, அவருடைய முழங்காலில் அப்பியிருந்த சேற்றைத் தொட்டுத் தன் உச்சியில் வைத்துக்கொண்டாள். பிறகு இன்னொரு விரல் எடுத்துப் பெரியப்பாவின் நெற்றியில் வைத்தாள். அவர் குழந்தைபோல் நின்று அதை வாங்கிக்கொண்டார். அது மன்னிப்பா, தண்டனையா என்று இத்தனை ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். தெரியவில்லை.

சில ஆண்டுகள் அப்படி இறங்கி ஏறினார்கள். பெரியப்பா காலமானார், எங்கள் வழக்கில் திருநாடு அலங்கரித்தார். அத்தை அந்த அகத்தை விட்டு வரவே இல்லை; அவளும் போனாள். பள்ளத்தை லாரி லாரியாக மண் கொட்டித் தூர்த்தார்கள். இப்போது அதன்மேல் நிற்பது உங்களில் இருவர் குடியிருக்கும் அடுக்குமாடி. உங்களை வருத்த இதைச் சொல்லவில்லை. வாங்கும்போது உங்களுக்கு யார் சொன்னார்கள்? மழைக்காலத்தில் கீழ்த்தளத்தில் கார் மிதக்கிறது, மோட்டார் வைத்து இறைக்க வேண்டியிருக்கிறது என்று நீங்கள் சலித்துக்கொள்ளும்போதெல்லாம் நான் எழுந்து உள்ளே போய்விடுவதை வேறுவிதமாக எண்ணியிருப்பீர்கள்.

பாதைக்குத் தார் போட்டாயிற்று. இந்த ஆண்டு பெருமாள் ரப்பர் சக்கரம் வைத்த வண்டியில் எழுந்தருளினார். கொஞ்சமும் சாயவில்லை. ஒவ்வொரு வாசலிலும் போன்களை உயர்த்திப் படம் பிடித்தார்கள். படுகையில் மிச்சம் இருப்பது மண்டபத்தைச் சுற்றிய அந்த ஒரு துண்டு. கொஞ்சம் கோரை. மழை பெய்தால் சுற்றியுள்ள தெருக்களின் நீரெல்லாம் போய் நிற்க இருக்கும் ஒரே இடம். அந்தப் பச்சைக்கல்லும் அதில் எங்கேயோதான் கிடக்கிறது. எந்தக் குழந்தையின் காலும் இனி அதைத் தேடப் போவதில்லை.

புறப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு அதில் இறங்கினேன். தடி புதைந்தது. செருப்பைக் கழற்றினேன். பாதம் மெல்ல உள்ளே போயிற்று. விரலிடுக்கெல்லாம் குளிர்ந்த சேறு ஏறிற்று. குனிய முடியாத முதுகோடு குனிந்து அதைத் தொட்டு உச்சியில் வைத்துக்கொண்டேன். வண்டி ஓட்டி வந்த பையன் ஓடி வந்து, "மாமி, வழுக்கிடப் போறீங்க, மேல வந்துடுங்க" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூடுகிறோம். மறுபடியும் கேட்பீர்கள். பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் பின் மண்டபத்து நிலத்தின் பொறுப்பு என்மேல் வந்து நிற்கிறது என்பதால், என் கையும் உயராமல் உங்களால் ஒரு மூட்டை சிமெண்டும் இறக்க முடியாது என்பதை நீங்கள் அறிவீர்கள். நம் வயதுக்குக் கால் புதைகிறது என்றீர்கள். ஆம், புதைகிறது.

புதையட்டும்.